பின்சீட்டு நாச்சிமுத்து

இப்படி நெழலுக்கு வந்துருங்க தம்பி. அங்கயே நின்னீங்கன்னா இன்ஸ்பெக்டரு சத்தம் போடுவாரு. லைசென்சுக்கு எட்டுப் போடற எடத்துல சொந்தபந்தம் யாரும் நிக்கக் கூடாதுங்க. எனக்கு இங்க எல்லாம் அத்துபடி. மூணாவது தடவையா வந்திருக்கறேன்.

அந்த நீல ஸ்கூட்டர்ல வரிசையில நிக்கறது உங்க ஊட்டுக்காரம்மாதானுங்களே? பேக்கு உங்க கையில இருக்கறதப் பாத்தே நெனச்சேன். முன்னால இன்னும் நெம்பப் பேரு இருக்கறாங்க, சித்த நேரமாகும். உக்காருங்க. மொகத்துல பயமே காணமுங்க, நல்லாப் போட்டுருவாங்க. ஏனுங், நீங்க ஓட்ட மாட்டீங்களா? பழகவே இல்லியா? அட, அப்ப நீங்களும் நம்ம கட்சிதான்.

அக்கட்டால வேலியோரம் நிக்குது பாருங்க ஒரு செவப்பு வண்டி, மூக்க நீட்டிட்டு. அது என்ற வண்டிதானுங்க. சிரிச்சாச் சிரிச்சுக்குங்க, எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. பையனோட வண்டிங்களான்னு கேக்கறாங்க. எனக்குப் பையனே இல்லீங்க. ஒரே மக. ஐதராபாத்துல இருக்கறா. வண்டி எனக்குத்தான் வாங்குனேன். ஏன் வாங்குனேன்னு கேக்கறவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திச் சொல்லி இப்ப எனக்கே எது நெசம்னு தெரியறதில்ல.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. காங்கேயத்துல தேங்காக் களத்துல மேஸ்திரியா இருக்கறேன். லாரியில தேங்கா வந்து எறங்கும், ஒடைச்சு, காயப் போட்டு, கொப்பரைப் பருப்பு எடுத்து அனுப்பறது. அதுல எது முத்துனது, எது அழுகுனதுன்னு தட்டிப் பாத்தே சொல்லிருவேன். அதத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுங்க. வண்டி தெரியாது. எளவட்டமா இருந்தப்ப ஒருக்கா மாமனோட மொபெட்ட எடுத்துட்டு அதே களத்துல ஒரு ரவுண்டு உட்டேன். காயப் போட்டிருந்த பருப்பு மேல ஏத்தீட்டேன். எண்ணெய் எறங்குன பருப்பு, நிக்குமுங்களா? வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒடம்புல அடி ஒண்ணுமில்ல. களத்துல இருந்த அத்தன பொம்பளைகளும் வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சாங்க. அதோட சரி.

அப்பறம் கல்யாணமாச்சு. வசந்தாமணின்னு பேரு. கிராமத்து நர்சு வேலை. ஊரூராப் போயி கர்ப்பமா இருக்கறவங்களப் பாக்கோணும், ஊசி போடோணும், வண்டி இல்லாம ஆகாது. ஸ்கூட்டர் வாங்குனா. ஒரே வாரத்துல பழகீட்டா. காலையில என்னைக் களத்துல எறக்கி உட்டுட்டு அவ வேலைக்குப் போவா, சாயங்காலம் பொழுதோட வந்து ஏத்திக்குவா. அவ முன்னால, நான் பின்னால. சோத்துப் போசி என்ற மடியில. மக பொறந்து, வளந்து, அதுக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்த வரைக்கும் அப்படியேதானுங்க. கோயிலு, கல்யாணம், எழவு, சந்தை, எல்லாத்துக்கும் அவ முன்னால, நான் பின்னால.

ஊருக்குள்ள எனக்குப் பேரே 'பின்சீட்டு'ங்க. எங்க பங்காளியில இன்னொரு நாச்சிமுத்து இருக்கறான். எந்த நாச்சிமுத்துன்னு கேட்டா, 'பின்சீட்டு நாச்சிமுத்தா, வாய்க்கா மேட்டு நாச்சிமுத்தா'ன்னு கேப்பாங்க. மொய் எழுதறவன் கூட மூஞ்சிக்கு நேரா அப்படித்தான் கேட்டான். என்னத்தச் சொல்றது, நெசந்தானே. நெசமா இருந்தாலும் உள்ளார ஒறுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. உங்களுக்கு இப்பத் தெரியாது. நாளாக நாளாகத் தெரியும்.

இல்லீங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மக மாசமானா. வசந்தாமணி ரிட்டையராகி ஒரு வருசம் ஆகல, பெரசவம் பாக்கறேன்னு ஐதராபாத்துக்குப் போனா. ஆறு மாசத்துல வர்றேன்னுதான் போனாளுங்க. பேரன் பொறந்தான், குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நடந்தான், இப்ப ஓடறான். அவ வரல. நடுவுல ஒரு பொங்கலுக்கு வந்து, நாலு நாளு இருந்து, ஊடெல்லாம் கழுவி உட்டுட்டு மறுபடியும் போயிட்டா. கேக்கறவங்களுக்கெல்லாம் 'பேரன் உட மாட்டேங்கறான்'னு சொல்றேன். அவனும்தான் உட மாட்டேங்கறான். சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல. தெனமும் பொழுதோட போன் பண்ணுவா. 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா.' சாப்பிட்டேன், போட்டேன். அவ்வளவுதான்.

எனக்கு என்னமோ ஒண்ணும் தோண மாட்டேங்குதுங்க. மொதல்ல ராப்பகலா கோவம் வந்துச்சு. அப்பறம் அதுவும் இல்ல. கால மடக்கி நெம்ப நேரம் உக்காந்திருந்தா மரத்துப் போகுமில்ல, கிள்ளுனாக் கூடத் தெரியாது. அப்படித்தான் இருக்குது. மெஸ்ஸுல திங்கறேன், களத்துக்குப் பஸ்ஸுல போறேன், வர்றேன். ஊடு ஊடு மாதிரியே இல்லீங்க. அழுகையாச்சும் வந்தாப் பரவால்ல, அதுவும் வர்றதில்ல.

ஸ்கூட்டர் வாசல்லயே நிக்குது. பொழுதோட களத்துல இருந்து வந்தா அதுல சித்த நேரம் உக்காருவேன். பின்னாலதானுங்க. பழக்கம். உக்காந்துட்டு அவ போனுக்குக் காத்துட்டு இருப்பேன்.

அந்தப் பொங்கலுக்கு அவ வந்துட்டுப் போனதச் சொன்னேன்ல? போறப்ப ரயிலு ஏத்தி உட ஈரோட்டுக்குப் போனேன். ரயிலு வர நேரமாச்சு. பிளாட்பாரத்துல உக்காந்திருக்கறோம். அவ திடுதிப்புன்னு கேக்கறா, 'ஏனுங்க, நான் ஒரு நாளாச்சும் பின்னால உக்காந்து வரோணுங்க'ங்கறா. நான் முழிக்கறேன். 'இத்தன வருசம் ஓட்டீட்டேன். எருமை வருதா, லாரி வருதா, குழி இருக்குதா, இதத்தவிர நான் ரோட்டுல ஒண்ணுமே பாத்ததில்ல. சிவன்மலைக்கு எத்தன தடவ போயிருக்கறம், அந்த மலைப் பாதையில என்ன மரம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு நீங்க ஓட்டுங்க. நான் பின்னால ஒரு பக்கமா உக்காந்து, பராக்குப் பாத்துட்டு வர்றேன். அப்படிக் கூட்டிட்டுப் போறதா இருந்தாச் சொல்லுங்க. அன்னைக்கே வண்டி ஏறி வர்றேன்'னு சொன்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா. அப்பறம் ரயிலு வந்துருச்சு.

நான் அத அப்படியே புடிச்சுக்கிட்டேன். வண்டி பழகோணும், லைசென்ஸ் வாங்கோணும், அவளக் கூப்புடோணும். இதுல புரியாததுக்கு என்ன இருக்குது? பொம்பள வாய உட்டுக் கேட்டுட்டா. செஞ்சு போடறதுதானே ஆம்பள லட்சணம்?

டிரைவிங் ஸ்கூலு பொன்னுசாமி, அதா அங்க பேப்பர் கட்டோட நிக்கறாருல்ல, அவருதான், அவருகிட்டப் போனேன். 'ஊட்டுல ஸ்கூட்டர் இருக்குதே, அதுலயே பழகிக்கலாமுங்க, லேசா வரும்'னாரு. ஊட்டுக்கே வந்தாரு. என்னை முன்னால உக்கார வெச்சாரு. உக்காந்தேன். எடது பக்கக் கண்ணாடியப் பாருங்க, பின்னால என்ன வருதுன்னு சொல்லுங்கன்னாரு. பாத்தேன். ரோடே தெரியல. பின்சீட்டுதான் தெரியுது. சீட்டுன்னா சீட்டு இல்ல, அதுக்கு மேல, ஆளு உக்காந்தா மொகம் இருக்கற எடம்.

பொன்னுசாமி வந்து பாத்துட்டு, 'யாருங்க இப்படித் திருப்பி வெச்சது? இத வெச்சுக்கிட்டு ஒருத்தரு எப்படிங்க வண்டி ஓட்டுனாரு'ன்னு திட்டறாரு. திருப்பிப் பாக்கறாரு, நகர மாட்டேங்குது. வருசக் கணக்கா அப்படியே இருந்து துருப் புடிச்சு நின்னு போச்சு. ஸ்பேனர் எடுத்துட்டு வர்றேன், மாத்தீரலாம்னாரு. நான் வேண்டாம்னேன். ஏன்னு தெரியலீங்க, வேண்டாம்னுட்டேன். முன்னால உக்காந்து பாத்தா ஆளில்லாத பின்சீட்டு தெரியுது. பின்னால உக்காந்து பாத்தா, முன்னால ஆளில்ல, கண்ணாடியில வானம் தெரியுது. எங்க உக்காந்தாலும் ரோடு தெரியல.

அன்னைக்குப் பொழுதோட அவகிட்டயே கேட்டுட்டேன். 'ஏம்மிணி, இத்தன வருசமா பின்னால என்ன வருதுன்னே பாக்காமயா ஓட்டுன? ஏதாச்சும் ஆகியிருந்தா?'ன்னேன். அவ சொல்றா, 'நீங்க களத்துல இருந்து ஏறுனதும் தூங்கீருவீங்க. சாஞ்சு விழுந்துருவீங்களோன்னு பாத்துக்குவேன். வலது பக்கக் கண்ணாடி ரோட்டுக்கு, எடது பக்கம் உங்களுக்கு'ன்னு. அது எனக்குத் தெரியாதுங்க தம்பி. நான் தூங்குனதே எனக்குத் தெரியாது. தூங்கறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாச்சும் 'தூங்காதீங்க'ன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லல. இப்பச் சொல்றா.

எப்படியோ, துருப் புடிச்ச கண்ணாடிய நம்பி வண்டி பழக முடியுமுங்களா? அதனாலதான் புது வண்டி வாங்கறதுன்னு முடிவு பண்ணுனேன். வேற காரணம் ஒண்ணும் இல்லீங்க.

ஷோரூமுக்குப் போனேன். ஒரு பொம்பளப் புள்ள, நல்ல மரியாதியான புள்ள, 'யாருக்குங்கய்யா வண்டி'ன்னு கேட்டுது. எனக்குத்தான்னேன். மொதல்ல ஸ்கூட்டர்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு. வேண்டாம்னேன். அப்பறம் ஒரு கருப்பு வண்டி காட்டுச்சு. நீளமா சீட்டு, பலகையாட்டம். பின்னால புடிச்சுக்கக் கைப்புடி, காலு வெக்க அகலமா ஒரு தட்டு. 'அய்யாவுக்கும் அம்மாவுக்கும் இதுதாங்கய்யா சவுரியம், பழகறதுக்கும் லேசு'ன்னு சொல்லுச்சு. அது நம்ம ஊருல பாலு ஊத்தறவங்க எல்லாரும் வெச்சிருக்கற வண்டிங்க. அத எடுத்துட்டுப் போனா யாரு திரும்பிப் பாப்பாங்க?

மூலையில நின்னுச்சு இந்தச் செவப்பு. லைட்டு ரெண்டும் மொறைச்சுட்டு, டேங்க்கு பொடைச்சுக்கிட்டு, டயரு தடிமனா. இது எந்நேரத்துக்கு வேண்ணாலும் பாஞ்சுரும்னு தோணுச்சு. இது என்னன்னேன். அந்தப் புள்ள சிரிக்கல, அதச் சொல்லோணும். 'அய்யா, இது காலேஜ் பசங்க எடுக்கறதுங்கய்யா. இன்ஜின் சின்னதுதான், நூத்தியம்பது சிசிதான், பாக்கத்தான் பெரிய ரேஸ் வண்டியாட்டத் தெரியும். ஆனாக் குனிஞ்சு ஓட்டோணும், இடுப்பு வலிக்கும். ஹேண்டில் முழுசா வளையாது. புதுசாப் பழகறவங்களுக்குக் கஷ்டமுங்கய்யா'ன்னு எல்லாத்தையும் சொல்லீருச்சு. ஒண்ணும் மறைக்கல. நான்தான் காதுல வாங்கல. இன்ஜின் சின்னதுன்னு சொன்னது மட்டும் நல்லாக் கேட்டுது. அப்ப நம்ம வயசுக்கும் ஆச்சு, பாக்கறவனுக்கும் ஆச்சுன்னு நெனச்சேன்.

பின்சீட்டக் காட்டுச்சு. ரெண்டு சீட்டும் ஒட்டாது, தனித்தனி. முன்னால பள்ளத்துல ஒண்ணு, பின்னால ஒசரத்துல வால் மேல ஒண்ணு. கையகலம். நான் கேட்டேன், 'பின்சீட்டுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது போல இருக்குதே?' அந்தப் புள்ள, 'ஆமாங்கய்யா, அதுதான் இதுல ஒரே கொறை'ன்னுச்சு. எனக்கு அதுதானுங்க புடிச்சுது. சொன்னேன்ல, என்ற பேரு? இனி எவன் என்னைப் பின்சீட்டும்பான்? பின்சீட்டே இல்லாத வண்டியில போறவனப் பின்சீட்டுன்னு கூப்பிட்டா அவனைத்தான் பைத்தியம்பாங்க.

வண்டி டெலிவரி எடுக்கறப்ப, 'சாரி கார்டு இருக்கட்டுங்களா, கழட்டீரட்டுங்களா'ன்னு கேட்டாங்க. தெரியுமில்ல, சேலை முந்தானை சக்கரத்துல மாட்டாம இருக்கறதுக்குப் பின்சக்கரத்துக்கு ஓரமா ஒரு கம்பித் தட்டி வெச்சிருப்பாங்களே, அது. அது இருந்தா வண்டியோட அழகே போயிருதுன்னு பசங்க எல்லாரும் கழட்டச் சொல்லீருவாங்களாம். நானும் கழட்டீருங்கன்னேன். பொட்டியில போட்டுக் குடுத்தாங்க. ஊட்டுல அட்டாலிப் பரண் மேல கெடக்குது. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சங்கா வெச்சு ஏத்தி, பூசை போட்டு, பொன்னுசாமிதான் ஓட்டீட்டு வந்தாரு. நான் எங்க உக்காந்து வந்தேன்னு கேக்கறீங்களா? பஸ்ஸுல வந்தேன். அந்தச் சீட்டுல என்னால ஏற முடியல.

மகளுக்குப் போட்டோ அனுப்புனேன். 'சூப்பர்ப்பா'ன்னு அனுப்புச்சு. பொழுதோட வசந்தாமணி கூப்பிட்டா. சந்தோசமா இருக்கறாப்லதான் பேச்ச ஆரம்பிச்சா. என்ன வண்டி, என்ன நெறம், நெசமாலுமே ஓட்டறீங்களா, எல்லாம் கேட்டா. நானும் உட்டேன் பாருங்க, டேங்க்கு அப்படி, டயரு இப்படின்னு. கடேசியா அவ, 'பின்சீட்டு எப்படிங்க இருக்குது'ன்னா. நான் சிரிச்சுட்டே, 'பின்சீட்டா? அப்படி ஒண்ணு இல்லாத மாதிரிதான் அம்மிணி. கையகலம். ஒருத்தன் லிப்ட்டு கேக்க முடியாது'ன்னேன். அவ கேட்டுக்கிட்டா. அப்பறம், 'அப்பச் சரிங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

என்ன சரின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலீங்க.

மறுநாளும் கூப்பிட்டா. கூப்பிடாம இருக்கறதில்ல. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. ஆனா வண்டியப் பத்திப் பேச்சு இல்ல, வர்றதப் பத்திப் பேச்சு இல்ல. நான் ரோசனை பண்ணிப் பண்ணிப் பாத்தேன். செவப்பு புடிக்கலியாட்ட இருக்குது. அவளுக்கு எப்பவுமே நீலம்தான். உங்க ஊட்டுக்காரம்மா வெச்சிருக்கறாங்களே, அது மாதிரி. இல்லீன்னா, தன்னைக் கேக்காம வாங்கீட்டேன்னு வருத்தமோ என்னமோ. பொம்பளைக மனசுல இருக்கறத எப்படிங்க கண்டுபுடிக்கறது? கண்ணாடி வெச்சா பாக்க முடியும்?

ஏனுங் தம்பி அப்படிப் பாக்கறீங்க? சொல்றதுன்னாச் சொல்லுங்க. இல்லியா, சரி.

இப்ப என்னாச்சுன்னா, வர்ற மாசம் பேரனப் பள்ளிக்கூடத்துல போடறாங்களாம். கொண்டு போயி உட்டுக் கூட்டிட்டு வர ஆளு வேணும். 'அம்மா இங்கயே இருந்துக்கட்டும்ப்பா, நீங்க வேணும்னா ஊட்ட வாடகைக்கு உட்டுட்டு வாங்க'ன்னு மக சொல்லுது. ஐதராபாத்துல நான் என்னங்க பண்றது? அங்க எந்தக் களம் இருக்குது? இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அம்மா ஒரு முடிவச் சொல்லோணுமாம். இவ என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியாது. 'நீ வந்துரு வசந்தாமணி'ன்னு நான் சொல்லலாமில்லையான்னு பொன்னுசாமி கேட்டாரு. எப்படிங்க சொல்றது? சொல்லிப் பழகல. போனுல 'சாப்பிட்டேன், போட்டேன்'னு சொல்லி முடிச்சதும் வெச்சுர்றேன். லைசென்ஸ் கையில வந்தா, 'இன்னைக்கு லைசென்ஸ் வாங்கீட்டேன்'னு சொல்லலாம். அதச் சொன்னா அவளுக்குப் புரிஞ்சுரும். அதுக்குத்தான் இந்தப் பாடு.

வண்டி ஓட்டறதெல்லாம் ஓட்டறேங்க. பொன்னுசாமி தேர்க்கடை மைதானத்துல வெச்சு நல்லாத்தான் பழக்குனாரு. நேராப் போகச் சொன்னாத் தாராவரம் வரைக்கும் போயிருவேன். திரும்பறதுதான் ஆக மாட்டேங்குது. அந்தப் புள்ள சொல்லுச்சில்ல, ஹேண்டில் முழுசா வளையாதுன்னு. எட்டுன்னா என்னங்க, வளைஞ்சு வளைஞ்சு போறதுதானே. மொத தடவ வந்தப்ப எட்டோட மேல் வட்டத்துலயே காலு ஊனீட்டேன். காலு ஊனுனா அவுட்டு. ரெண்டாவது தடவ பாதியில வண்டி நின்னு போயி, நான் போயி அந்தக் கம்பத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். இன்ஸ்பெக்டரு நல்ல மனுசன். சிரிக்கல. கிட்ட வந்து, 'பெரியவரே, எதுக்கு இந்த வம்பு? பேப்பர்ல கியர் உள்ளது, இல்லாதது ரெண்டுக்கும் சேத்துத்தானே எழுதியிருக்கறீங்க. ஒரு ஸ்கூட்டர் கொண்டாங்க, அதுல எட்டுப் போடுங்க, கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் தர்றேன். எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க'ன்னாரு. பொன்னுசாமியும் மொத நாளுல இருந்து அதையேதான் சொல்றாரு. கியர் இல்லாத லைசென்ஸ் வாங்குனா அப்பறம் இந்த வண்டிய யாருங்க ஓட்டறது? வேண்டாம்னுட்டேன். ரோசமுங்க. வேறென்ன.

பழகுனர் லைசென்ஸ் இந்த வாரத்தோட காலாவதி ஆகுது. இன்னைக்கும் காலு ஊனுனா மறுபடி மொதல்ல இருந்து எழுதோணும். அதுக்குள்ள ஞாயித்துக்கெழம வந்துரும். எனக்குப் படபடன்னு இருக்கோணுமில்ல? ஒண்ணும் இல்லீங்க. மரத்துப் போச்சு.

அட, கூப்பிட்டாச்சு பாருங்க, உங்க ஊட்டுக்காரம்மா. பாருங்க, பாருங்க, என்ன நெதானமா எடுக்கறாங்க. மேல் வட்டம் போயிருச்சு. இப்பத்தான் கஷ்டம், நடுவுல குறுக்க வர்றப்ப. வந்துட்டாங்க. கீழ் வட்டம். காலு ஊனல. ஊனல தம்பி! போட்டாச்சு. ஒரே மூச்சுல போட்டுட்டாங்க. நீங்க ஏன் கண்ண மூடிக்கிட்டீங்க? தொறந்து பாருங்க, உங்களப் பாத்துத்தான் சிரிச்சுட்டு வர்றாங்க.

வாங்க அம்மிணி. நெம்ப நல்லாப் போட்டீங்க. தம்பிதான் பயந்துட்டாரு. ஆமாங்க, அடுத்த ஆளுக்கு அடுத்தது, இல்ல, இந்த ஆளுக்கு அடுத்தது நான்தான். ஆமாங்க, அந்தச் செவப்பு வண்டிதான். நல்லாருக்குதுங்களா? சந்தோசம். என்ற ஊட்டுக்காரி ஊருல இல்லீங்க, மக ஊட்டுல இருக்கறா. அவளுக்காகத்தானுங்க வாங்குனது. பின்னால உக்காந்து சிவன்மலைக்குப் போகோணும்னு ஆசைப்பட்டா.

என்னங்க?

அக்கா எங்க உக்காருவாங்கன்னா கேட்டீங்க?

அது... பின்னால ஒரு சீட்டு இருக்குதுங்களே அம்மிணி. வால் மேல. கையகலம். அவ சேலைதான் கட்டுவா. ஒரு பக்கமா உக்காந்துதான்... நீங்களும் சேலைதான் கட்டியிருக்கறீங்க. சும்மா பாத்துச் சொல்லுங்க, இங்க இருந்தே பாத்துச் சொல்லுங்க. உங்களால அதுல உக்கார முடியுமுங்களா? புடிச்சுக்க ஒண்ணும் இல்ல, ஆமா. காலு வெக்கற கட்டை ஒசரத்துல இருக்குது, ஆமா. முந்தானை... சாரி கார்டு இருந்துச்சுங்க அம்மிணி. நானேதான் கழட்டச் சொன்னேன்.

தம்பி, 'அப்பச் சரிங்க'ன்னு சொன்னாளே.

இருங்க. சித்த இருங்க. தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்லீங்க. காலு மரத்துப் போயி எந்திரிக்கறப்ப ஊசி ஊசியாக் குத்துமில்ல, அது மாதிரித்தான், சித்த நேரத்துல சரியாயிரும்.

கூப்பிடறாங்க. நாச்சிமுத்து, ஆமா, நான்தான். வந்துட்டனுங்க சார்! ஒரு நிமிசம் சார்!

அம்மிணி, ஒரு உதவி கேட்டாச் செய்வீங்களா? உங்க ஸ்கூட்டர ஒரு ரவுண்டுக்குக் குடுங்க. பத்தரமாக் கொண்டாந்து உட்டுர்றேன். இதுல போட்டா கியர் இல்லாத லைசென்ஸ்தான் குடுப்பாங்க, தெரியுமுங்க. அது போதும். எங்க ஊட்டு வாசல்லயும் இது மாதிரி ஒண்ணு நிக்குது. நீளமா சீட்டு. ஒரு பக்கமா உக்காந்தா, ரெண்டு பேரு உக்காரலாம். இந்தச் செவப்ப எவனாச்சும் காலேஜ் பையன் எடுத்துக்கட்டும்.

நெம்ப நன்றிங்க சாமி. சாவி இதுங்களா? தம்பி, இந்தப் பையச் சித்தப் புடிங்க. போனும் அதுலதான் இருக்குது. அவ இப்பக் கூப்பிட மாட்டா. பொழுதோட நானே கூப்பிட்டுச் சொல்றேன். இன்னைக்கு நான்தான் மொதல்ல கூப்பிடோணும்.

அம்மிணி, போறதுக்கு மின்ன, இந்த எடது பக்கக் கண்ணாடிய மட்டும் சித்தத் திருப்பிக்கட்டுங்களா?

இல்லீங்க, ரோடு தெரியறதுக்கு இல்லீங்க.